பாலாங்கிகா: மணிகள் வீடு திரும்பிய கடலோரப் பங்கு



நம் பங்கு ஆலயங்களில் நாள்தோறும் மணி ஒலிக்கிறது. காலை, நண்பகல், மாலை என்று மூவேளை செபத்துக்கு அழைக்கிறது. திருப்பலிக்கு நேரமாயிற்று என்று சொல்கிறது. ஊரில் ஒருவர் இறந்தால் துக்கமணி அடிக்கிறோம். திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் வேறு விதமாக அடிக்கிறோம். பழகிப்போனதால் பல நேரங்களில் அந்த ஓசை நம் காதில் விழுவதே இல்லை. அது நின்றுபோனால்தான் அதன் அருமை நமக்குத் தெரியும்.

தன் ஆலயமணிகளை இழந்து 117 ஆண்டுகள் காத்திருந்த ஒரு பங்கு பிலிப்பீன்ஸ் நாட்டில் இருக்கிறது. அதன் பெயர் பாலாங்கிகா. மீன்பிடியும் தென்னையும் வாழ்வாதாரமாக உள்ள சிற்றூர் அது. அந்த ஊரின் வரலாற்றையும், அங்குள்ள மக்களின் வாழ்வையும், அந்த மணிகளின் நெடும் பயணத்தையும் இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

கடலும் தென்னையும்

பிலிப்பீன்ஸ் நாட்டின் நடுப்பகுதியில், பசிபிக் பெருங்கடலை நோக்கி நிற்கும் பெரிய தீவு சாமார். அத்தீவின் தென்கரையில், லெய்த்தே வளைகுடாவைப் பார்த்தபடி, ஓர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பாலாங்கிகா அமைந்துள்ளது. கிழக்கு சாமார் மாகாணத்தைச் சேர்ந்த இந்நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 14,000. மக்கள் பேசுவது வாராய் மொழி. ஏறக்குறைய எல்லாருமே கத்தோலிக்கர். இப்பங்கு, 1960ஆம் ஆண்டு நிறுவப்பட்ட போரோங்கான் மறைமாவட்டத்தில் அடங்கியது.

இருபுறமும் மூங்கில் தாங்கிகள் கட்டிய 'பங்கா' என்னும் படகுகளில் ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள். கரையில் தேங்காயை உடைத்து, கொப்பரையாகக் காயவைத்து விற்கிறார்கள். தென்னங்கள்ளை 'துபா' என்று அழைக்கிறார்கள். மரப்பட்டைச் சாறு சேர்ப்பதால் அது சிவந்த நிறத்தில் இருக்கும். கடலில் மீன் இல்லாத நாளில் தென்னை காப்பாற்றும். தென்னை காய்க்காத காலத்தில் கடல் காப்பாற்றும். இரண்டும் ஒரே நேரத்தில் கைவிட்டால் ஊர் பட்டினிதான். இதை மனத்தில் வைத்துக்கொள்வோம். பின்னால் வரும் நிகழ்வுகளில் இந்தப் பட்டினிக்கும் பங்கு உண்டு.

வீட்டுக்குள் நுழையும் இளையவர் பெரியவரின் கையைப் பிடித்துத் தம் நெற்றியில் ஒற்றிக்கொள்வது பிலிப்பீன்ஸ் மக்களின் வழக்கம். பெரியவர் தரும் ஆசீர் அது. ஒருவர் வேலைக்கு ஊரே கூலியின்றிக் கைகொடுப்பதும் அவர்கள் மரபு. அதைப் 'பயனிஹான்' என்பர். ஒரு குடும்பம் இடம் மாற வேண்டுமானால், அயலார் கூடி மூங்கில் கழிகளைச் செருகி, ஓலைவீட்டையே தோளில் தூக்கிச் செல்வது அந்நாட்டின் பழைய காட்சி.

மணியோசைக்குள் வாழ்ந்த மக்கள்

1521ஆம் ஆண்டு மார்ச் மாதம், மெகல்லனின் கப்பல்கள் பசிபிக்கைக் கடந்து வந்து, சாமார் தீவுக்குத் தெற்கே உள்ள ஹோமோன்ஹோன் என்னும் சிறு தீவில் கரையிறங்கின. அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று அந்நாட்டில் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. அதன் 500ஆம் ஆண்டை 2021இல் பிலிப்பீன்ஸ் திருச்சபை நன்றியோடு நினைவுகூர்ந்தது. ஆனால் சாமாரில் நற்செய்தி வேரூன்றியது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், இயேசு சபை மறைப்பணியாளர்கள் வந்த பிறகுதான். 1768இல் இயேசு சபையினர் நாடு கடத்தப்பட்டபின் மற்றத் துறவறச் சபையினர் அப்பணியைத் தொடர்ந்தனர். பாலாங்கிகாவில் பணியாற்றியவர்கள் பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள்.

அந்தக் காலத்தில் மக்கள் ஆற்றோரங்களிலும் மலைகளிலும் சிதறி வாழ்ந்தனர். அவர்களை ஆலயத்தைச் சுற்றிக் குடியமர்த்த இசுபானியர் முயன்றனர். 'மணியோசைக்குள் வாழ்வது' என்ற சொல்வழக்கே அதனால் உருவானது. மணியோசை எட்டும் தூரமே ஊரின் எல்லை. செபத்துக்கு அழைத்த அதே மணி, கடற்கொள்ளையர் வரும்போது மக்களை எச்சரித்து ஓடச்செய்தது. குடியேற்ற ஆட்சியின் கட்டுப்பாடும் அந்த ஓசையில் கலந்திருந்தது என்பதை நாம் மறுக்க முடியாது. எனினும் மக்கள் அந்த மணியைத் தங்கள் சொந்தமாகவே ஏற்றுக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் வார்க்கப்பட்ட மூன்று வெண்கல மணிகள் பாலாங்கிகா ஆலயத்தில் இருந்தன.

ஆலயத்தின் பாதுகாவலர் மறைசாட்சி புனித லாரன்ஸ். கி.பி. 258இல் உரோமையில் உயிர்நீத்த திருத்தொண்டர் அவர். திருச்சபையின் செல்வங்களை ஒப்படைக்குமாறு ஆட்சியாளர் ஆணையிட்டபோது, அவர் ஏழைகளையும் நோயாளிகளையும் கூட்டிவந்து நிறுத்தினார் என்பது நாம் அறிந்த மரபு. அவருடைய திருநாளான ஆகஸ்ட் 10 பாலாங்கிகாவின் ஊர்த்திருவிழா.

1901: திருவிழாவுக்கு மறுநாள்

1898இல் இசுபானியா, பாரிசு உடன்படிக்கையின்படி, பிலிப்பீன்ஸ் நாட்டை 2 கோடி டாலருக்கு அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. விடுதலைக்காகப் போராடிக்கொண்டிருந்த பிலிப்பீன்ஸ் மக்களை யாரும் கேட்கவில்லை. 1899 பிப்ரவரியில் போர் மூண்டது. சாமாரில் தளபதி விசென்தே லுக்பான் தலைமையில் கெரில்லாப் படை இயங்கியது.

1901 ஆகஸ்ட் 11 அன்று, அதாவது புனித லாரன்ஸ் திருவிழாவுக்கு மறுநாள், அமெரிக்காவின் 9ஆவது காலாட்படையைச் சேர்ந்த 74 பேர் பாலாங்கிகாவில் வந்திறங்கினர். அவர்களின் தலைவர் கேப்டன் தாமஸ் கானெல். அவரும் ஒரு கத்தோலிக்கரே. துறைமுகத்தை மூடி, கெரில்லாக்களுக்கு உணவு போகாமல் தடுப்பது அவர்களுக்கு இடப்பட்ட பணி. அதிகாரிகள் ஆலயத்தை அடுத்திருந்த குருக்கள் இல்லத்தில் தங்கினர்.

முதல் சில வாரங்கள் அமைதியாகவே கழிந்தன. செப்டம்பர் மாதத்தில் நிலைமை கெட்டது. குடித்திருந்த வீரர்கள் ஓர் இளம்பெண்ணிடம் முறைகேடாக நடக்க முயன்றதாகவும், அவளுடைய சகோதரர்கள் அவர்களை அடித்ததாகவும் வரலாற்றாய்வாளர்கள் எழுதுகின்றனர். கேப்டன், ஊர் ஆண்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து இரண்டு கூடாரங்களில் அடைத்தார். ஒவ்வொரு கூடாரமும் 16 பேருக்கென அமைந்தது. அவர்களைக்கொண்டு ஊரைச் சுத்தம் செய்ய வைத்தனர். வீடுகளிலிருந்த உணவுப்பொருள்களும், தென்னையிலும் வயலிலும் பயன்படும் 'போலோ' அரிவாள்களும் பறிமுதலாயின. கடல் மூடப்பட்டது, அரிவாளும் போயிற்று, ஆண்கள் கூடாரத்தில். இனி வீட்டில் உலை வைப்பது எப்படி?

மணி ஒலித்த காலை

ஊர்க் காவலர் தலைவர் வலேரியானோ அபனதோரும், லுக்பானின் படை அதிகாரி எவுஹேனியோ தாசாவும் திட்டம் வகுத்தனர். பாலாங்கிகாவிலிருந்தும் அண்டைச் சிற்றூர்களிலிருந்தும் சுமார் 500 பேர் திரட்டப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் முன்கூட்டியே வெளியே அனுப்பப்பட்டனர். சிலர் பெண்வேடமிட்டு அரிவாள்களை ஆலயத்துக்குள் கொண்டுவந்தனர்.

1901 செப்டம்பர் 28, சனிக்கிழமை. வீரர்கள் காலை உணவுக்கு அமர்ந்திருந்தனர். அபனதோர் ஒரு காவல்வீரரின் துப்பாக்கியைப் பறித்தார். ஆலயமணி ஒலித்தது. அதுவே தாக்குதலுக்கான அடையாளம். 74 பேரில் 48 பேர் உயிரிழந்தனர்; கேப்டன் கானெலும் அவர்களுள் ஒருவர். ஊர் மக்களில் 28 பேர் மாண்டனர். காசியானா நாசியோனாலெஸ் என்ற பெண், கையில் செபமாலையை உயர்த்திப் பிடித்து, செபித்தவாறே ஆண்களை ஊக்குவித்தார் என்று ஊரில் இன்றும் சொல்லப்படுகிறது.

மறுநாளே அமெரிக்கப் படைகள் திரும்பி வந்து ஊரைக் கொளுத்தின. தீவு முழுவதையும் பாழ்நிலமாக்கவும், ஆயுதம் ஏந்தக்கூடியவர்களைக் கொல்லவும் தளபதி ஜேக்கப் ஸ்மித் ஆணையிட்டார். வயது வரம்பு என்ன என்று கேட்டபோது, பத்து வயது என்றார். அடுத்த மாதங்களில் சாமாரில் ஊர்கள் எரிந்தன. உணவுக் களஞ்சியங்களும் உழவு மாடுகளும் அழிந்தன. இறந்தவர்களின் எண்ணிக்கையில் ஆய்வாளர்கள் வேறுபட்டாலும், அவர்கள் ஆயிரக்கணக்கானோர் என்பது உறுதி. பங்குத்தந்தை தோனாதோ கிம்பாவோலிபோட் அவர்களும் பின்னர் கைதாகிச் சித்திரவதைக்குள்ளானார். அமெரிக்காவிலேயே எழுந்த கண்டனத்தால் 1902இல் ஸ்மித் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். கண்டிப்பும் கட்டாய ஓய்வுமே அவர் பெற்ற தண்டனை.

எரிந்த ஊரிலிருந்து மூன்று மணிகளும் போர்ச்சின்னங்களாக எடுத்துச் செல்லப்பட்டன.

மணி இல்லாத ஆலயம்

இரண்டு மணிகள் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஷையான் நகரை ஒட்டிய படைத்தளத்தை அடைந்தன. அத்தளம் பின்னாளில் வாரன் விமானப்படைத் தளமாயிற்று. அங்கே இறந்த வீரர்களின் நினைவாக ஒரு செங்கற்சுவரில் அவை வைக்கப்பட்டன. மூன்றாவது மணி 9ஆவது காலாட்படையோடு பல இடங்கள் சென்று, இறுதியில் தென்கொரியாவிலுள்ள அமெரிக்க முகாமில் தங்கியது.

பாலாங்கிகா மக்கள் மலையிலிருந்து இறங்கிவந்து வீடுகளையும் ஆலயத்தையும் மீண்டும் கட்டினார்கள். பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார்கள். முதியோரை அடக்கம் செய்தார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் 28 அன்று அந்நாளை நினைவுகூர்ந்தார்கள். 1989இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று அந்நாளைக் கிழக்கு சாமார் மாகாணத்தின் விடுமுறை நாளாக்கியது. தந்தை மகனிடம் சொல்ல, மகன் பேரனிடம் சொல்ல, மணிகளின் கதை ஊரில் நிலைத்தது.

1957இல் இயேசு சபை வரலாற்றாசிரியர் அருட்தந்தை ஹொராசியோ தெ லா கோஸ்தா, மணிகளைத் திருப்பித் தருமாறு அமெரிக்க விமானப்படைக்குக் கடிதம் எழுதினார். 1990களில் குடியரசுத் தலைவர் ஃபிதல் ராமோஸ் அமெரிக்க அரசிடம் கேட்டார். 2005இல் போரோங்கான் ஆயர் லியோனார்தோ மெத்ரோசோ அவர்களும் பாலாங்கிகா பங்குத்தந்தையும் சேர்ந்து அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்குத் திறந்த மடல் விடுத்தனர். வழிபாட்டுக்காக வார்க்கப்பட்டவை வழிபாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதே மறைமாவட்டத்தின் வாதம்.

மறுபக்கத்துக்கும் ஒரு துயரம் இருந்தது. வயோமிங்கில் உள்ள முன்னாள் படைவீரர்கள் பலருக்கு அந்த மணிகள், உணவுமேசையில் கொல்லப்பட்ட தோழர்களின் நினைவுச்சின்னம். அவற்றைக் கொடுப்பது இறந்தவர்களைக் கைவிடுவதாகும் என்று அவர்கள் கருதினார்கள். நினைவுச்சின்னங்களைத் தருவதைத் தடுக்கும் சட்டவிதிகளும் அங்கே இருந்தன. ஆனால் காலப்போக்கில், ஓய்வுபெற்ற அமெரிக்க வீரர்கள் சிலரே மணிகளைத் திருப்பியளிக்க வேண்டும் என்று முன்வந்து குரல் கொடுத்தார்கள். வரலாற்றை இரு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து ஆராய்ந்தது இதற்குப் பெரிதும் உதவியது. யார் எத்தனை பேரைக் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள் என்று இரு தரப்பும் உண்மையை ஏற்றபோதுதான் கதவு திறந்தது.

புயல் வந்த ஆண்டு

இதற்கிடையில் ஊருக்கு இன்னொரு சோதனை வந்தது. 2013 நவம்பர் 8 அன்று ஹையான் என்னும் பெரும்புயல் முதலில் கிழக்கு சாமாரின் குய்வான் நகரில் கரையைத் தாக்கியது. பிலிப்பீன்ஸ் மக்கள் அதை 'யோலாந்தா' என்பர். நாடு முழுவதும் 6,300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். லெய்த்தே வளைகுடாவின் கரையோர ஊர்கள் நிலைகுலைந்தன. பாலாங்கிகாவில் வீடுகளோடு ஆலயமும் சேதமடைந்தது. படகுகள் உடைந்தன, தென்னந்தோப்புகள் சாய்ந்தன. புதிதாய் நட்ட தென்னை காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். கடலும் தென்னையும் ஒரே நாளில் கைவிட்டன. பயனிஹான் மரபு அப்போதுதான் தன் வலிமையைக் காட்டியது. கூரை இழந்தவர்களே கூரை இழந்த மற்றவர்களுக்குக் கைகொடுத்தார்கள். 2015 ஜனவரி 17 அன்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அண்டைத் தீவிலுள்ள தக்லோபான் நகருக்கு வந்து, கொட்டும் மழையில், மக்களைப் போலவே மழைச்சட்டை அணிந்து திருப்பலி நிறைவேற்றியதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

டிசம்பர் 16, விடியல்

2017இல் அன்றைய குடியரசுத் தலைவர் ரொத்ரிகோ துதெர்தே தம் நாடாளுமன்ற உரையில் மணிகளைத் திருப்பிக் கேட்டார். அவ்வாண்டு டிசம்பரில் கையெழுத்தான அமெரிக்கச் சட்டம் வழிவிட்டது. 2018 நவம்பர் 14 அன்று வாரன் தளத்தில் நடந்த நிகழ்ச்சியில், அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஜேம்ஸ் மேட்டிஸ் மணிகளை வழியனுப்பினார். டிசம்பர் 11 அன்று மூன்று மணிகளும் மணிலா வந்து சேர்ந்தன. ஒரு மணியையாவது தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கலாம் என்று சிலர் முன்மொழிந்தனர். போரோங்கான் மறைமாவட்டம் அதை ஏற்கவில்லை. டிசம்பர் 15 அன்று மூன்றும் பாலாங்கிகாவுக்கு வந்தன.

அவை வந்த நேரத்தைக் கவனியுங்கள். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள்கள், விடியலுக்கு முன்பே திருப்பலி காண்பது பிலிப்பீன்ஸ் மக்களின் பழம்பெரும் பக்தி முயற்சி. வயலுக்கும் கடலுக்கும் போகிறவர்கள் வேலைக்கு முன் பங்கேற்பதற்காக எழுந்த வழக்கம் அது. வீடுகளில் விண்மீன் விளக்குகள் தொங்கும். திருப்பலி முடிந்ததும், மேலும் கீழும் தணல் வைத்துச் சுட்ட 'பிபிங்கா' என்னும் அரிசி அப்பத்தைச் சூடாக வாங்கி உண்பார்கள். 2018 டிசம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, அந்த ஒன்பது நாள்களின் முதல் திருப்பலிக்கு அந்த மணிகள் ஒலித்தன. கொலைக்கு அடையாளமாக மணி ஒலித்த ஊரில், குழந்தை இயேசுவின் வருகைக்கு ஆயத்தமாகும் செபத்துக்கு அவை மக்களை அழைத்தன.

நமக்கு என்ன?

இந்த வரலாற்றை நாம் எளிதாக வாசித்துவிட முடியாது. செபமாலையும் அரிவாளும் ஒரே காலையில் உயர்ந்தன. ஆலயம் ஆயுதம் மறைக்கும் இடமாயிற்று. ஒடுக்கப்பட்டவர்களின் பட்டினியும் அவமானமும் உண்மை. உணவுமேசையில் வெட்டுண்டு விழுந்த இளைஞர்களின் மரணமும் உண்மை. பத்து வயதுப் பிள்ளையும் பகைவனே என்று ஆணையிட்ட கொடுமையும் உண்மை. திருமுழுக்குப் பெற்றவர்கள் இரு பக்கமும் நின்றார்கள். இவற்றில் எதை மறைத்தாலும் ஒப்புரவு அரைகுறையாகிவிடும்.

காணிக்கை செலுத்த வரும்போது, நம்மேல் மனத்தாங்கல் கொண்ட சகோதரர் நினைவுக்கு வந்தால், முதலில் அவரிடம் போய் நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளுமாறு ஆண்டவர் மலைப்பொழிவில் கற்பித்தார். அவர் சொன்னது வெறும் மன்னிப்பு வார்த்தையை மட்டும் குறிக்காது. எடுத்ததைத் திருப்பித் தருவதும் அதில் அடங்கும். சக்கேயு அதைத்தான் செய்தார். பாலாங்கிகாவின் மணிகளைப் பெட்டியில் வைத்து அனுப்பியவர்களும் அதைத்தான் செய்தார்கள், 117 ஆண்டுகள் தாமதமாக.

நம் குடும்பங்களில், ஊர்களில் திருப்பித் தரப்படாத மணிகள் எத்தனை? அண்ணன் தம்பிக்குள் அளந்து கொடுக்காத நிலம், ஒரு தலைமுறைக்கு முந்தைய சண்டையால் நின்றுபோன பேச்சு, சாதியின் பெயரால் பிரிந்த கல்லறை, திருவிழாவில் மறுக்கப்பட்ட உரிமை. இவற்றைச் சரிசெய்ய நினைக்கும்போதெல்லாம், எங்கள் பக்கத்து இழப்புக்கு என்ன பதில் என்ற கேள்வி எழுகிறது. வயோமிங் வீரர்களுக்கும் அந்தக் கேள்வி இருந்தது. தங்கள் தோழர்களை மறக்காமலேயே அவர்களுள் சிலர் திருப்பிக் கொடுக்கத் துணிந்தார்கள்.

புனித லாரன்ஸ் ஏழைகளைக் காட்டி, இவர்களே திருச்சபையின் செல்வம் என்றார். அவரைப் பாதுகாவலராகக் கொண்ட பங்கு, தன் மணிகளைப் பறிகொடுத்தபின்னும் அந்தச் செல்வத்தைக் காத்துக்கொண்டது. எரிந்த ஊரைக் கட்டியதும், புயலில் சாய்ந்த கூரையைத் தூக்கி நிறுத்தியதும், நான்கு தலைமுறைகள் பொறுமையோடு கேட்டுக்கொண்டே இருந்ததும் அந்த எளிய மீனவரும் தென்னை உழவருமே. மணிகள் திரும்பி வந்தபோது அவற்றைக் கேட்க அங்கே ஒரு சமூகம் இருந்தது.

வரும் செப்டம்பர் 28 அன்று நம் ஆலயமணி ஒலிக்கும்போது, பாலாங்கிகாவில் இறந்த இரு தரப்பினரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும், சாமார் தீவில் பெயர் தெரியாமல் மாண்டவர்களுக்காகவும் ஒரு நிமிடம் செபிப்போம். பிறகு, நாம் யாருக்கு எதைத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது என்று வீட்டில் அமர்ந்து பேசுவோம். அதற்கு இன்னொரு 117 ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம்.